மூட்டையின் பை

"யாரைக் குத்தறதுக்குடி இதெல்லாம்?"

தலைமையாசிரியையின் மேசை மேல் ஒரு பழைய துண்டு விரிந்து கிடந்தது. அதன் நடுவே காய் நறுக்கும் கத்தி இரண்டு, நீளக் கத்தி ஒன்று, கத்தரிக்கோல், ஒரு சுத்தியல். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் புத்தகப் பைக்குள் இருக்க வேண்டிய சாமான்களா இவை?

இரண்டு மாதமாகப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவதால் வகுப்பில் அவளுக்கு 'மூட்டை' என்று பெயர். கேலிக்காகப் பையைப் பிடுங்கப் போன ஒருத்தியிடம், "தொட்டா நடக்கறதே வேற" என்று சீறினாள். அதில்தான் குட்டு உடைந்தது.

"பொம்பளப் பிள்ளைங்க தடம் மாறுறதை முளையிலேயே கிள்ளணும்னு போன வாரம்தானே கல்வி ஆபீஸ்லேர்ந்து வந்து பேசிட்டுப் போனாங்க? நான் கிள்ளிடறேன். சாயங்காலம் மணி அடிக்கறதுக்குள்ள ரிஜிஸ்டர்லேர்ந்து இவ பேரை எடுத்துடறேன்," என்றார் தலைமையாசிரியை.

"எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க மேடம்," என்றார் பள்ளியின் ஆலோசகர். "வெளிய அனுப்பிட்டா இவளை என்ன ஏதுன்னு கேக்க ஆளே இருக்காது. கெட்டுப் போன்னு நாமளே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும்."

ஆலோசகர் சும்மா பரிந்து பேசவில்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில், ஒரு பெண்ணின் பென்சில் பெட்டிக்குள் பிளேடைப் பார்த்தும் 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்று விட்டுவிட்டார். நாளை விடிவதற்கு முன்பே இன்னொரு பெண்ணின் கன்னத்தில் பதினோரு தையல். கண்ணை மூடினால் அந்தக் கன்னம் வந்து நிற்கும். சில நாள் கண் திறந்திருக்கும்போதே வரும்.

மூட்டையைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் எதிரே உட்கார வைத்தார்.

"யார் மேலயாவது கோபமா?"

"இல்ல மேடம்."

"வர்ற வழியில எவனாவது தொந்தரவு பண்றானா? பயப்படாம சொல்லு."

"அப்படியெல்லாம் யாரும் இல்ல."

"தினமும் கொண்டு வர்றியா?"

"தினமும். ஞாயித்துக்கிழமை மட்டும் தேவையில்ல. அன்னிக்கு நான் வீட்டுல இருப்பேன்."

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். அதற்கு மேல் விஷயத்தைக் கறப்பது கல்லில் நார் உரிப்பது போலத்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல மேடம்? நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

இவ்வளவு நடந்தும் கத்தியைக் கேட்கிறாளே இந்தப் பெண். இந்த முறை நாளை, நாளை மறுநாள் என்று இழுக்கக் கூடாது. அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பறிமுதல் செய்த எதையும் பள்ளியில் வைத்திருக்கக் கூடாது, அன்றே பெற்றோரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி. செல்போனுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் போட்ட விதி அது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு ஆலோசகரே போன் செய்தார். பத்தே நிமிடத்தில் அப்பா வந்து நின்றார்.

தேய்த்த சட்டை, வாரிய தலை, வாயைத் திறந்தால் 'மன்னிச்சுடுங்க'. பார்த்த மாத்திரத்தில் தலைமையாசிரியைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தீங்களா?"

"இல்லீங்க. வேலை போயி ரெண்டு மாசமாச்சு. வீட்டுலதான் கிடக்கறேன்." அவர் மேசையில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் இவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியே?"

"இவ்ளோதான்."

கையெழுத்துப் போட்டார். துண்டோடு சுருட்டி எடுத்துக்கொண்டு, இருவரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"தங்கமான மனுஷன். அவருக்குப் போயி இப்படி ஒரு பொண்ணு." தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "போகட்டும். அந்த அப்பன் முகத்துக்காக இந்த ஒரு தடவை விடறேன். வாரம் ரெண்டு நாள் நீங்க அவளை உட்கார வெச்சுப் பேசுங்க."

ஆலோசகருக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு பெண்ணையாவது நேரத்தோடு பிடித்துவிட்டோம். அறைக்கு நடக்கவில்லை, ஓடினார்.

"உன் பேரை எடுக்கலடி. நாளையிலேர்ந்து எப்பவும் போல கிளாசுக்கு வா."

மூட்டை சிரிக்கவில்லை. "என் சாமானெல்லாம் எங்க மேடம்?"

"அதை இன்னுமா நினைச்சுட்டிருக்கே? உங்கப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரு."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"அவர் கையில கிடைக்கக் கூடாதுன்னுதான் மேடம் தினமும் தூக்கிட்டு வர்றேன். அம்மா அங்க தனியா இருக்காங்க."