களிமண் வைத்தியம்

“ஏம்மா, காரைப் பளபளன்னு ஆக்கச் சொன்னா களிமண்ணை எடுத்துத் தேய்க்கிறியே! நீ விளாச்சேரிக்குப் பொம்மை செய்யப் போயிருக்கலாம்.”

காளவாசல் கார் வாஷ் கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அழகுபாண்டி. மூன்று மாதமாக விலைபோகாத அவனுடைய சிவப்புக் காரை இன்று சாயங்காலம் ஒருவர் தலையில் கட்டியாக வேண்டும்.

“கழுவினாலும் போகாத அழுக்கையும் இது உருவி எடுத்துரும்ணே” என்றாள் கடைக்காரி ஜெயக்கொடி.

“எல்லாம் ஏமாத்து வேலை. வாங்கப் போறவன்தான் இந்தக் கடையில கொடுக்கச் சொல்லி அடம் பிடிச்சான். காலேஜ் வாத்தியாரு. புஸ்தகத்தைத் தவிர ஒண்ணும் தெரியாத கிறுக்கன். எங்கயும் இடிக்காத வண்டின்னேன், அப்படியே நம்பிட்டான்.”

ஜெயக்கொடி முன்கதவுக் கண்ணாடியில் ஒருமுறை தேய்த்து, களிமண்ணைத் திருப்பிக் காட்டினாள். அதில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

“மத்த கண்ணாடியில எல்லாம் கறுப்பு அழுக்குதான் வந்துச்சு. இங்க மட்டும் பெயிண்ட் தூள் வருது. கதவு நசுங்கி, மறுபடியும் ஸ்ப்ரே அடிச்சீகளாண்ணே?”

“அடிச்சா உனக்கென்ன? வாயை மூடிட்டு வேலையைப் பாரு. அந்தக் கிறுக்கனுக்கு எங்க தெரியப் போகுது?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“ஏங்க, கிளாஸ் முடிஞ்சிருச்சா? நீங்க அனுப்புன வண்டியைப் பார்த்துட்டேன். நமக்கு வேணாம்.”