தள்ளிக்கோ அம்மா

"தள்ளிக்கோ அம்மா, எனக்கு வெயிலே படலை!" என்று வேப்பங்கன்று அன்றைக்கும் ஆரம்பித்தது.

"எங்கேடி தள்ளிக்கறது? எனக்கென்ன காலா இருக்கு? உன் அக்காக்களையெல்லாம் காக்கா தூக்கிட்டுப் போய்க் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் போட்டுச்சு, முளைச்சுட்டாளுங்க. நீதான் நேரே என் மடியில விழுந்தே" என்றது தாய்மரம்.

கன்று ஓயவில்லை. தாய்க்கு மனசு கேட்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாக இலையை உதிர்த்து வெயிலுக்கு வழிவிட்டது.

"எத்தனை தடவைதான் பெருக்குவேன்?" என்று அலுத்துக்கொண்ட வீட்டுக்காரி, ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டாள்.

மறுநாள் வெயில் முழுசாகக் கன்றின் தலையில் இறங்கியது. மத்தியானத்துக்குள் இலையெல்லாம் சுருண்டது.

கன்று அடிக்கட்டையைப் பார்த்துச் சொன்னது: "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோயேன்."