இருபத்து நாலாம் பெட்டி

யசோதினி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, தினுஷன் அவளுடைய கணினியின் முன்னாலிருந்து சட்டென்று எழுந்தான். எழுந்தவன் முகத்தில் அசடு வழிந்தது.

"என் இடத்துல என்ன பண்ற?"

"சும்மா... மெஷின் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், துணிக்கடை மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு அது. கண்டியிலுள்ள ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஒரே ஒரு ஆளை எடுக்கப்போகிறது. கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இவர்கள் இருவர்தான். இன்று பத்து மணிக்கு இருவரும் தாங்கள் எழுதிய ப்ரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். இன்றைக்குத் தவறவிட்டால் திங்கட்கிழமை கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று யசோதினியின் அப்பா மோகனராஜ் கறாராகச் சொல்லியிருந்தார்.

தினுஷன் கெட்டிக்காரன், ஆனால் தொடைநடுங்கி. நோட்டில் தேதி போடுமுன் சுழி போடுவான், பரீட்சை என்றால் நெற்றி நிறையத் திருநீறு. அப்படிப்பட்டவன் அடுத்தவள் மெஷினில் கை வைப்பானா? இருப்பது ஒரே இடம் என்றால் யாரும் எதையும் செய்வார்கள் என்று தோன்றியது யசோதினிக்கு.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

நேற்று மாலைவரை ஒழுங்காக ஓடிய ப்ரோகிராம். வேலையும் பெரிய வேலையில்லை. வகுப்பிலுள்ள இருபத்து நாலு பேரின் பெயர்களை ஒரு ஃபைலிலிருந்து வரிவரியாக எடுத்து, இருபத்து நாலு பெட்டிகளில் போட்டு, திரையில் காட்ட வேண்டும்.

ஜாவா மொழி பெட்டிகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே கடைசிப் பெட்டியின் எண் இருபத்து மூன்று. இருபத்து நாலாம் எண் பெட்டியைத் தேடினேன், அப்படி ஒன்று இல்லையே என்று அது இப்போது கத்திக்கொண்டிருந்தது.

"சேர்!"

ஆசிரியர் ஷிஹாப் ஓடிவந்து குனிந்து பார்த்தார். "பதறாதீங்க மகள். இந்தப் பிழை எப்பவும் வால்லதான் ஈக்கும். கடைசியில வெறும் வரி ஒண்டு கிடக்கும், பாருங்க."

ஃபைலைத் திறந்து ஒரே தாவலாகக் கடைசிக்குப் போனாள். லோஜினியின் பெயரோடு பட்டியல் முடிந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ப்ரோகிராமை மேலிருந்து கீழே படித்தாள். அதிலும் ஒரு புள்ளி மாறவில்லை.

"தினுஷன், என் ப்ரோகிராம்ல கை வச்சியா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. தினுஷனுக்கு வியர்த்துவிட்டது. "உன் ப்ரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூட நான் தொடல. சத்தியமா."

பத்து மணிக்குக் கம்பெனியின் ஞானேஸ்வரி மேடம் வந்துவிட்டார். முதலில் தினுஷன் ஓட்டிக் காட்டினான், தடங்கலில்லாமல் ஓடியது. அடுத்து யசோதினி பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"நேத்து ஓடிச்சு மேடம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை" என்றார் மேடம், யாழ்ப்பாணப் பேச்சில். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம் தாறன். பிழை எங்கயெண்டு கண்டுபிடியுங்கோ."

யசோதினிக்குத் தையல் மெஷின்களின் சத்தம் இப்போதே காதில் கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று.

வெளியே பஸ் தரிப்பில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு அம்மாவுக்கு சீட் இல்லையாம். "நான் ஒழுங்காத்தானே நின்னேன்? முன்னால பூந்தவனைக் கேளுங்க!" என்று அந்த அம்மா கத்தியது மாடிவரை கேட்டது.

யசோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாலில் ஒன்றுமில்லை என்றால், தலையில்?

ஃபைலின் மேல் நுனிக்குப் போனாள். முதல் பெயருக்கும் மேலே, தனி வரியில், ஒற்றை எழுத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. அது வந்து முதல் பெட்டியைப் பிடித்துக்கொண்டதால்தான் எல்லாரும் ஒரு இடம் தள்ளி, லோஜினி பெட்டியில்லாமல் நின்றிருக்கிறாள். என்ன எழுத்து என்றுகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

இருபத்து நாலு பெயர்களும் வரிசையாக வந்து விழுந்தன.

"ப்ரோகிராம்ல பிழையில்ல மேடம். ஃபைல்ல ஒரு வரி கூடுதலா இருந்திச்சு."

ஞானேஸ்வரி மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "ப்ரோகிராம் எழுத எத்தினையோ பேர் இருக்கினம். பிழை பிடிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். திங்கக்கிழமை வாங்கோ."

ஷிஹாப் சேர் கை தட்டினார். யசோதினிக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. மேடம் படியிறங்கும்வரை காத்திருந்து, நேராகத் தினுஷனின் மேசைக்குப் போனாள்.

"ஃபைல்ல அந்த எழுத்தைப் போட்டது நீதானே? என்னைக் கவுக்கத்தானே பார்த்த?"

அவன் தலைகுனிந்தான். வியர்வையில் திருநீறு கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது.

"இல்ல யசோ... உனக்கே கிடைக்கணும்னு பிள்ளையார் சுழி போட்டேன்."