பருப்புப்பொடி பாட்டில்

துளசிமணி பாட்டிலை மைதா டின்னுக்குள் அமுக்கினாள்.

கை முழங்கைவரை வெள்ளையானது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கேவலமான காரியம்தான். பயத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

பனியன் கம்பெனிக்கு எதிரே அவளுடைய மெஸ். தினமும் சாப்பிடுகிறவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியையும் ஊறுகாயையும் அங்கேயே அலமாரியில் வைத்துப் போவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் பாட்டில் இருக்கும்.

பாட்டிலைக் கையோடு எடுத்துப் போனால், அந்த ஆள் இனி வரமாட்டான்.

அலமாரி நிறைந்து கிடந்த காலத்தில்தான் புத்தி கெட்டுப்போய், படுக்கிற அறையின் சுவரை இடித்து மேசை போட்டாள். இப்போது அந்த மேசைகள்மேல்தான் புருஷனும் பொண்டாட்டியும் படுக்கிறார்கள்.

கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் போயின. தையல்காரர்கள். செக்கிங் பெண்கள். அயர்ன் மாஸ்டர்.

மிச்சம் இருந்தது சூப்பர்வைசர் போஸின் பருப்புப்பொடி மட்டும். அவரே போய்விட்டால் கம்பெனி இனித் திறக்காது என்றுதான் அர்த்தம். கம்பெனி திறக்காவிட்டால் மெஸ் ஏது?

சாயங்காலம் போஸ் வந்தார். தோளில் பெரிய பை.

ஊருக்குக் கொண்டுபோகிற பை.

இரண்டு தோசை சாப்பிட்டார். தோசைக்கு அந்தப் பொடியைத் தொடமாட்டார். அது மத்தியானச் சோற்றுக்கு.

"ஆர்டர் வந்துரும்க்கா. பயப்படாதீங்க."

கை கழுவினார். வாசல்வரை போனார்.

அவளுக்கு உயிர் வந்தது.

போனவர் திரும்பினார். அலமாரி முன்னால் நின்று வெறும் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"என் பாட்டில் எங்கக்கா?"

"பிசுபிசுன்னு இருந்துச்சுங்க, கழுவப் போட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வருவீங்கல்ல, அப்பத் தர்றேன்."

போஸ் அவள் முழங்கையைப் பார்த்தார். துடைத்தும் போகாத மாவு. பிறகு, மூடி சரியாகப் பொருந்தாத மைதா டின்னைப் பார்த்தார்.

பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்களே வச்சுக்கங்கக்கா. வீட்ல அரைச்சது. நல்லாருக்கும்."

படியிறங்கிப் போய்விட்டார்.

பின்னால் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்த புருஷன் குரல் கொடுத்தான்.

"ஏம்புள்ள, நாளைக்கு எத்தன படி அரிசி ஊறப்போடறது?"