இடப்பக்கப் பலகை

இரண்டாவது ஸ்பீக்கர் பலகையில் பென்சிலால் வட்டம் போட்டபோது, அவனுடைய இடக் காது போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

மனைவி சாந்தாமணிக்குத் தெரியாது. வீட்டில் அவளும் அவனும்தான்.

முதல் பலகையை அறுத்த மறுநாள் காலை எழுந்தபோது காது அடைத்திருந்தது. மரத்தூள் போயிருக்கும் என்று நினைத்தான். தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தான்.

எண்ணெய் வெளியே வந்தது.

தானாகச் சரியாகும் என்று மூன்று வாரம் இருந்துவிட்டான்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனான். கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலக் காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று விரலைப் பொத்தான்மேலேயே வைத்திருந்தான்.

கதவைத் திறந்து, முடிஞ்சுது, வாங்க என்றார்கள்.

மரத்தூள் இல்லை, உள்ளே நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். அடைத்த ஓரிரு நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உடுமலை பஸ் ஏறினான்.

அழுக்குதான், எடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து அறுக்கும் மெஷினை எடுத்தான்.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ப்ளைவுட் வாங்கிக் கிடந்தது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டில் ஒன்றுக்குப் பலகை இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை.

பெட்டி கிடையாது இதற்கு. மார்பளவு உயரத்தில் ஒரு பலகை, அதில் ஒரு வட்ட ஓட்டை, ஓட்டையில் ஸ்பீக்கர். பின்பக்கம் திறந்தே இருக்கும். முன்னால் போகிற சத்தம் பின்னாலும் போகும். பெட்டிக்குள் அடைபடாமல், கச்சேரிக்கு எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று ஒரு வருடமாக அவளிடம் சொல்லியிருந்தான். சுவரிலிருந்து நாலடி தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றபோது, அப்படியானால் நாம் எங்கே உட்காருவது என்று மட்டும் கேட்டாள். மறுவாரம் சோபாவைத் தன் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அறுத்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வார்னிஷ் அடித்தான். காய விட்டான். எட்டுத் திருகாணிகளையும் முடுக்கினான்.

நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் கூடத்தில் நிறுத்தி, நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டான்.

சத்தம் வந்தது. பெரிய சத்தம். தவில் நெஞ்சில் இடித்தது. ஆனால் எல்லாம் வலப்பக்கமே வந்து குவிந்தது.

நடுவுக்கு வரட்டும் என்று ஆம்பிளிஃபயரில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துவிடும் பேலன்ஸ் குமிழை இடதுபுறம் கொஞ்சம் திருப்பினான். நகரவில்லை. இன்னும் கொஞ்சம். பிறகு கடைசிவரை.

வலப்பக்கமே இருந்தது.

குமிழை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

அவள் சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பலகைக்கும் நடுவில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணுதான் பாடுது?"

இரண்டும் பாடுகிறதே என்றான்.

அவள் வலப்பக்கப் பலகையிடம் போனாள். குனிந்து காதை வைத்தாள். உள்ளங்கையை விரித்து ஸ்பீக்கர் முன்னால் பிடித்தாள். பிறகு இடப்பக்கம் போய் அதேபோல் பிடித்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

குமிழைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

பாட்டை நிறுத்தினாள்.

நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அவன் இடக் காதை ஒட்டி விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். மெல்ல. பிறகு வேகமாக.

அவன் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னால் வந்து எத்தனை நாளாக என்று கேட்டாள். ஒரு மாதம் என்றான். கோயமுத்தூரில் டாக்டர் சொன்னதையும் சொன்னான். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்ப்பவள்போல் நின்றாள்.

"அப்ப, சந்தைக்குப் போயிட்டு வரப்ப வண்டியில நான் சொன்னதுங்க?"

வண்டியில் அவள் எப்போதும் ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். முகம் அவன் இடத்தோளை ஒட்டி இருக்கும். இந்த ஒரு மாதமாகப் பின்னால் அவள் ஏதோ பேசுகிறாள் என்று தோன்றும்போதெல்லாம் அவன் 'ம்' என்று சொல்லிவைத்தான்.

என்ன சொன்னாய் என்று கேட்டான்.

அவள் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

"மாருல கட்டியாட்டம் தட்டுப்படுதுன்னனுங்க. நீங்க 'ம்'னீங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. சரின்னுட்டு, ஸ்கேனுக்கு நான் மட்டும் போயிட்டு வந்துட்டனுங்க."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

அவள் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்துவந்தாள். இன்னொரு நாற்காலியை அவன் இடதுபக்கம் இழுத்துப் போட்டாள்.

உட்காரப் போனவள் நின்றாள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி வந்தாள்.