கதவில் வரும் தண்ணீர்

கலைமணிக்கு என்னதான் பிடிக்கவில்லை என்று ஷாஹுலுக்கு விளங்கவே இல்லை. சேலத்துக் கடையில் ஃபிரிட்ஜ் விற்கும் அவனிடம், ஓமலூரிலிருந்து அந்த அம்மா மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். இன்றும் வெறுங்கையோடு போனால், இந்த மாதம் அவன் பெயரில் ஒரு விற்பனைகூட இருக்காது.

"கதவுக்கு உள்பக்கம் சின்னத் தொட்டி இருக்குங்கக்கா. பாட்டிலை வச்சு இந்தப் பட்டையை அமுக்கினா அடைப்பு திறந்து தண்ணி வரும். கதவைத் திறக்காததால குளிர்ச்சியும் வெளிய போகாது."

"ஒரு லிட்டர் பாட்டில் ரொம்பறதுக்கு எத்தனை நேரமாகும்?"

"முப்பதே செகண்டுங்க."

"வேண்டாங்க தம்பி."

அடுத்ததைக் காட்டினான். "இதுல இருபதே செகண்டு." அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த மூலையில நிக்கறது?"

ஷாஹுலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "அது பழைய மாடலுங்கக்கா. ஒரு லிட்டருக்கு ரெண்டு நிமிஷம் இழுக்கும். கையை எடுத்தா தண்ணி நின்னுடும். வாங்கினவங்க எல்லாம் என்னைத்தான் திட்டறாங்க."

"அதுக்கே பில்லு போடுங்க."

"அது எதுக்குங்கக்கா?"

"எம் பொண்ணு, ஊட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறா. ரூம் கதவைச் சாத்துனா, தண்ணிக்கு மட்டுந்தான் வெளிய வாரா. இப்ப இருக்கற ஃபிரிட்ஜுல பாட்டிலை எடுத்துக்கிட்டு, 'மீட்டிங்மா'ன்னு உள்ள போயிடறா. இதுல ரொம்பற வரைக்கும் அவ அங்கயே நிக்கோணும். ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடிக்கறா. எட்டு நிமிஷம் அவகூடப் பேசலாமுங்க."