மொட்டை மாடிச் சேவல்

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கீழ இறங்கி வாங்க! தெருவே சிரிக்குது!"

மாடிப்படியில் நின்றுகொண்டு மனைவி பல்லைக் கடித்தாள். மொட்டை மாடியில் பனியனோடு நின்ற கணவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு பருந்து சாவகாசமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அது கொஞ்சம் தாழ்ந்ததுதான் தாமதம், அவன் கழுத்தை நீட்டித் தொண்டை கிழியக் குரல் கொடுத்தான்.

"கொர்ர்ர்ர்... கெக் கெக் கெக் கெக்!"

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தாய்க்கோழி ஒரே ஓட்டமாகப் புதருக்குள் போய்ப் பதுங்கியது. குஞ்சுகளும் பின்னாலேயே ஓடின. பருந்து ஏமாந்து திரும்பியது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

மனைவிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பின்னே என்ன? இந்தக் கூத்து ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. அவனுக்கு ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனுஷன், இப்போது வந்ததும் வராததுமாக மாடி ஏறிவிடுகிறான். தெருவில் 'சேவல் மாமா' என்று பேரே வைத்துவிட்டார்கள். நேற்று கடையில் ஒருத்தி, "ஏன்க்கா, உங்க வீட்டுச் சேவல் நாளைக்கு எத்தனை மணிக்குக் கூவும்? அலாரம் வைக்காம படுக்கலாம்னு பாக்கறேன்" என்று கேட்டே விட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில், வாங்கப் போனதை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

"அந்த நர்ஸம்மா வீட்டுக் கோழியைப் பருந்து தூக்கினா உங்களுக்கு என்ன வந்துச்சு? பெத்த அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே நாற்காலியில உக்காந்து குறட்டை விட்டவர்தானே நீங்க!"

"ஏற்கெனவே நாலு குஞ்சு போயிடுச்சு. மிச்சமாவது பொழைக்கட்டும்." தூக்கமில்லாமல் அவன் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"நாம பொழைக்க வேண்டாமா? நேத்து அடுப்பு முன்னாடி நின்னபடியே தூங்கி, ஒரு தட்டு ரொட்டி கரியாப் போச்சாமே! சூப்பர்வைசர் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியுது. இன்னொரு தடவை தூங்கினா சீட்டைக் கிழிச்சிடுவாராம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நாளாகவே அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை.

இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை, கோழிக்காரம்மாவிடமே கேட்டுவிடுவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அந்தம்மா ரிட்டையர் ஆன நர்ஸ். தனிக்கட்டை. முட்டி தேய்ந்துபோனதால் தடி இல்லாமல் தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. இவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா! உன் புருஷன் மாதிரி ஒரு பிள்ளை எனக்குப் பொறக்கலையேன்னு இருக்கு."

கொண்டுவந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "குஞ்சுங்களைக் கூண்டுல அடைச்சு வச்சா என்னம்மா? அவருக்குத் தூக்கமே இல்ல."

"அடைச்சும் பாத்துட்டேன். தாய்க்கோழி தீனியைத் தொடாம சுருண்டு படுத்துடுச்சு. மேஞ்சே பழகினது இல்லையா? வலை கட்ட ஏணி ஏற முடியல. பளபளன்னு இருந்தா பயப்படும்னு பழைய சிடி எல்லாம் தொங்க விட்டேன். பருந்து அதுல முகம் பாத்துட்டுப் போகுது!" சிரித்த முகம் சட்டென்று வாடியது. "எங்க சேவல் இருந்தவரைக்கும் இந்தக் கவலையே இல்லம்மா. பருந்து நிழல் தெரிஞ்சாலே ஒரு குரல் குடுக்கும். எல்லாம் புதருக்குள்ள ஓடிடும். இதுங்க முட்டைக்குள்ள இருக்கும்போதே அதைக் காணோம். அப்பன் முகமே பாக்காத குஞ்சுங்க."

"திருட்டுப் போச்சா?"

"வேற என்ன? வேலிக்கதவு திறந்து கிடந்துச்சு."

மனைவிக்குத் தாங்கவில்லை. "அடப்பாவி! இந்த வீட்ல கை வைக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ! அதைத் தின்னவங்க வயிறு வெந்துதான் போகும், பாருங்க!"

"சாபம் விடாதம்மா. பசியில இருந்தவங்க யாரோ. தின்னுட்டு நல்லா இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட மனுஷிக்கு ஒத்தாசை செய்கிறவரைப் போய்க் கரித்துக்கொட்டினோமே! நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சூடாக டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

"நான்தான் புத்தியில்லாம பேசிட்டேன். நீங்க செய்யறது நல்ல காரியம்தாங்க. அந்தச் சேவலைத் தூக்கின நாசமாப்போனவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க..."

அவன் டம்ளரை வாங்கிக் குடிக்காமலே கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான்.

"கிடைச்சுட்டான்" என்றான். "தினமும் நான் கண் அசர்ற நேரமாப் பாத்து ஜன்னலுக்கு அடியில வந்து கூவும். ஒருநாள் ஆத்திரம் கண்ணை மறைச்சிடுச்சு. அந்தம்மாகிட்ட சொல்லலாம்னா வாய் வரமாட்டேங்குது. அதான், சேவல் வேலையை நானே பாக்கறேன்."

"அட மனுஷா!" அவள் குரல் கிறீச்சிட்டது. "என்ன பண்ணித் தொலைச்சீங்க அதை?"

அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, 'எந்தக் கடைக் கோழிங்க, இவ்வளவு ருசியா இருக்கு'ன்னு கேட்டுக் கேட்டு, எலும்பைக்கூட விடாம சாப்பிட்டியே..."

மறுநாள் பருந்து தாழ்ந்து வந்தபோது அவன் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மொட்டை மாடியில் கழுத்தை நீட்டித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது அவள்.